சத்தத்தைக் கேட்டவனும் சத்தத்தை அறிந்தவனும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 3:1-10



களக்காட்டுத் தலையணைக்குச் செல்லும் வாலிபர் சிலர் இப்போது கைபேசியில் பறவைகளின் சத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். பேர்ட்நெட், மெர்லின் போன்ற செயலிகள் சில நொடிகளில் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகின்றன. இவை நல்ல கருவிகள், பயன்படுத்துங்கள். ஆனால் அவை சொன்ன பெயரை உங்கள் சாட்சியாக எழுதிவிடலாகாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கியது பேர்ட்நெட். அது ஒலியை 3 நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படமாக மாற்றி, தான் முன்பு பயின்ற பதிவுகளின் சாயலைத் தேடி மதிப்பெண் இடுகிறது. அந்த மதிப்பெண் ஒப்புமையின் அளவேயன்றி உண்மையின் அளவு அன்று. ஐரோப்பிய, அமெரிக்கப் பறவைகளுக்குப் பதிவுகள் ஏராளம். நம் மலைகளுக்கே உரிய பறவைகளுக்கோ அவை சொற்பம். அசம்பு மலைகளின் சோலைக்கிளியைத் தனி இனமென்று அறிவியல் உலகம் பெயரிட்டதே 2017-இல்தான். மேலும், துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பவல்லது. குரல் ஒன்றினுடையது, எழுப்புவது வேறொன்று.

சிறுவன் சாமுவேல் சத்தத்தைத் தெளிவாகவே கேட்டான். அழைத்தவர் யாரென்பதில்தான் தவறினான். கர்த்தருடைய சத்தத்தை அவன் அதுவரை அறியாதிருந்தபடியால், தான் அறிந்த ஏலியின் குரலென்று எண்ணி மூன்று முறை ஓடினான். செயலியும் பலவேளை அவ்வாறே, தான் பயிலாத குரலைப் பயின்ற பெயர்களில் ஒன்றோடு சேர்த்துவிடுகிறது. கண் மங்கிய ஏலியோ அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்காமலே, அழைக்கிறவர் யாரென்று உணர்ந்துகொண்டான்.

நம் மலைகளிலும் ஏலிகள் உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காணிக் குடியிருப்புகளில் முதியவர்கள் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். காட்டோடு வாழ்ந்து காட்டை அறிந்தவர்கள் அவர்கள். கைபேசி உடனே விடை தருவதால், அவர்களிடம் போய்க் கேட்கும் பழக்கம் நின்றுவிடுமோ என்பதே என் அச்சம். சாமுவேல் ஏலியிடம் ஓடாதிருந்தால், தன்னை அழைத்தவரை எப்படி அறிந்திருப்பான்?

ஆகவே வாலிபரே, பட்டியலில் எழுதுமுன் பறவையைக் கண்ணால் காணுங்கள். காண இயலாவிடில், அறிந்த பெரியவரிடம் பதிவைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அதுவும் இயலாவிடில், பெயர் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எந்தச் சோலையில் எது வாழ்கிறது என்பதை நாளை பிறர் உங்கள் பட்டியலைக் கொண்டே அறிவார்கள். பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை அங்கும் செல்லும்.

ஜெபம்: கர்த்தாவே, சத்தத்தைக் கேட்கும் செவியோடு, அறிந்தவரிடம் கேட்கும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.