தோட்டம் கைமாறினால் வாக்கும் போய்விடுமா?



நான் தோட்டப் பள்ளியில் படித்த நாளில், கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஆற்றோரத்து மரங்களை வெட்டுவதில்லை என்று பெரிய துரை வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு தோட்டம் கைமாறியது. புது முதலாளி தண்ணீர் விளிம்பு வரைக்கும் செம்பனை நட்டார். கேட்கப்போன பெரியவங்களிடம், "அது அவர் சொன்னது, எனக்கென்ன?" என்றார். பேப்பரில் ஒன்றும் இல்லையே! அடுத்த மழையில் கரை சரிந்து லயத்து வாசலில் சேறு நின்றது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்ட வழி வைத்திருக்கிறார்கள். நிலம் சொந்தக்காரர் பேரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். ஆனால் காட்டை அழிக்கவும், துண்டு போடவும், கட்டடம் எழுப்பவும் தனக்குள்ள உரிமையை ஒரு நிலக்காப்புச் சங்கத்துக்கோ அரசாங்கத்துக்கோ எழுதிக்கொடுத்துப் பதிவு செய்துவிடுவார். அப்புறம் யார் வாங்கினாலும் அந்தக் கட்டு நிலத்தோடு போகும். இதற்கான மாதிரிச் சட்டம் 1981இல் வந்தது. எழுதி வாங்கிய சங்கத்தின் ஆள் வருஷந்தோறும் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார்.

1990இல் அந்த நாட்டு அரசாங்கம் இன்னும் ஒரு படி போனது. வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்பு நிலங்களில் விவசாயிகளின் பயிர் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கி, வடிகாலை அடைத்து மீண்டும் நீர் தேங்க விட்டது. வரிச்சலுகைக்காக இந்த ஏற்பாட்டில் பித்தலாட்டம் செய்த பணக்காரர்களும் உண்டு. 2022இல் அதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் சம்பந்தன் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார். அங்கே நிலத்தையே வாங்க வேண்டியிருந்தது. இங்கே நிலத்தை வாங்காமலே கட்டிப்போடுகிறார்கள். நமது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் உள்ள 'இஸ்மென்' ஒரு நிலத்துக்காரர் இன்னொரு நிலத்துக்குக் கொடுக்கும் வழி உரிமை போன்றது. பக்கத்தில் நிலமில்லாத சங்கத்துக்கு அதனால் பயனில்லை. சட்டம் மாறும்வரை சும்மா இருப்பதா? விற்பனைப் பேச்சு காதில் விழுந்ததுமே, ஆற்றோரமும் கோயில் நிலமும் ஒப்பந்தத்தில் ஏறட்டும் என்று தலைவர்மார் எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கரையில் மரக்கன்று நடுவது, கொடி அறுப்பது, மருந்து படாமல் காப்பது எல்லாம் நம் ஆட்களின் கைவேலை. அதை 'சும்மா ஒரு கை' என்று ஞாயிற்றுக்கிழமையில் வாங்கப் பார்ப்பார்கள். செக்ரோலில் பேர் ஏறாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.