கல்வெட்டு இல்லாத கடமை

தோழனே!

சோமனூரை நீ மறந்திருக்க மாட்டாய். கருமத்தம்பட்டிக்கு அருகே, தறியோசை ஓயாத ஊர். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து, பேருந்துக்காகக் காத்திருந்தவர்கள் மீது விழுந்தது. ஐந்து உயிர்கள் பறிபோயின. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க எழுப்பிய கூரை, ஒதுங்கியவர்களையே நசுக்கியது. காவல் நிற்க வேண்டியதே காலனாக மாறிற்று!

அந்தக் கட்டடத்தின் வயது என்ன தெரியுமா? ஏறத்தாழ இருபது! மனிதனுக்கு மீசை அரும்பி முடியும் பருவம். அந்தப் பருவத்திலே அது முதுமை எய்தி, மூச்சடைத்து, மக்களையும் உடன் அழைத்துக்கொண்டு மாண்டது.

நாற்பத்து மூன்றே நாட்கள் கழிந்தன. அக்டோபர் 20, விடியுமுன்னர், நாகை மாவட்டத்துப் பொறையாறு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறையில் அயர்ந்து உறங்கிய தொழிலாளர் மீது கூரை விழுந்தது. எட்டுப் பேர் உறக்கத்திலிருந்து எழவேயில்லை. 1943-இல் எழுந்த கட்டடம் அது. ஊரை எல்லாம் ஊர் சேர்த்தவர்கள், தங்கள் வீடு போய்ச் சேரவில்லை!

"பழைய கட்டடம், விழுந்தது, என்ன செய்வது?" என்பார் உளர். அவர்களைப் பாம்பனுக்கு அழைத்துச் செல். கடலின் நடுவே, உப்புக்காற்றின் வாயிலே, 1914-இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் அது. 1964-ஆம் ஆண்டுப் புயலிலே சிதைந்து, செப்பனிடப்பட்டு, மீண்டும் நின்றது. 2022 டிசம்பரில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அதன் தூக்குப் பகுதி சரியில்லை என்று தெரிந்தவுடன், வண்டிகள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்திலேயே இறங்கி, சாலை வழியே போக நேர்ந்தது. இரண்டாண்டுக்கு மேல் அந்தத் தொல்லை நீடித்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. நூற்றெட்டு ஆண்டு உழைத்த கிழப்பாலம், ஓய்வு பெற்ற நாளில் ஓர் உயிரையும் விலையாகக் கேட்கவில்லை!

இருபது வயதுக் கூரை கொன்றது. நூற்றெட்டு வயதுப் பாலம் கொல்லாமல் விடைபெற்றது. வேறுபாடு எங்கே? வயதிலா? இல்லை, தோழனே. கண்ணிலே! பாம்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தனர். பார்த்ததைப் பதிந்தனர். பதிந்ததைப் படித்தவர், "நிறுத்து!" என்று சொல்லும் துணிவு பெற்றிருந்தார்.

எந்தக் கூரையும் ஒரே நாளில் விழுவதில்லை. வடிகுழாயை இலைச்சருகு அடைக்கிறது, மாடியிலே நீர் தேங்குகிறது, நீர் கசிந்து உள்ளிருக்கும் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். இடமின்றி அது உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்திலே காரை பெயரும், கம்பி பல்லிளிக்கும். கூரை ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நாமோ அந்த வாயிலே சுண்ணாம்பைப் பூசி, "அழகாயிற்று" என்று அகமகிழ்கிறோம்! நோயையும், நோயின் மூலத்தையும், தீர்க்கும் வழியையும் வரிசையாக ஆராயச் சொன்னார் வள்ளுவர். நாம் மருத்துவனையும் அழைப்பதில்லை. பிணத்துக்குப் பொட்டிட்டு மகிழ்கிறோம்.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எவராலும் செப்பனிட முடியாது. அதனால்தான் வரிசை வேண்டும் என்கிறோம். மூன்று கேள்விகள் போதும். எது விழும் நிலையில் இருக்கிறது? விழுந்தால் அதன் கீழ் எத்தனை பேர்? அதை மூடிவிட்டால் மக்களுக்கு மாற்று உண்டா? முதல் இரண்டுக்கும் விடை அஞ்சத்தக்கதாக இருப்பின், அங்கே முதல் செங்கல் போகட்டும். அதுவரை கயிறு கட்டி ஆளை விலக்கட்டும். கயிற்றுக்குக் கூடவா கருவூலத்தில் காசில்லை?

பணம் இருந்தும் வரிசை தவறினால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. தண்டவாளமும் பாலமும் புதுப்பிக்க, 2017-18-இல், ஐந்தாண்டுக்கு ஒரு இலட்சம் கோடி ரூபாய் என்று இரயில்வேக்குத் தனி நிதி அறிவிக்கப்பட்டது. அந்த நிதியில் முதல் முன்னுரிமைப் பணிகளுக்குச் செலவான பங்கு, முதலாண்டில் 81 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, 2019-20-இல் 74 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று என்று தணிக்கைத் துறையே எழுதிற்று. முன்னுரிமை அல்லாதவற்றுக்குப் போன பங்கோ, ஏறிற்று! பானையிலே சோறு இருந்தது. பசித்தவன் இலைக்கு வரவில்லை.

1956 நவம்பர் 23. அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்திலே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நாடு அவரை வணங்கிற்று, வணங்கத்தக்கதே! ஆயினும் தோழனே, பதவி விலகல் துக்கத்தின் பண்பு. பாலத்தைத் தாங்கும் தூணல்ல. கண்ணீர் எந்த விரிசலையும் அடைப்பதில்லை.

இனி நம்மை நோக்கியே ஒரு கேள்வி. புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, தோரணம் உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. அடைபட்ட வடிகுழாயைச் சீர்செய்தவனுக்கு என்ன உண்டு? மாலையா? மேடையா? சுவரொட்டியா? ஒன்றுமில்லை! அதனால்தான் எந்த ஆட்சியானாலும் எழுப்புவதிலே ஆர்வம், காப்பதிலே களைப்பு. மேடையேறிப் பேசும் என்னையும், கொடி பிடித்து வரும் உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு நாம் கூட்டும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு, பழுதுபார்க்கச் சொல்லிப் போனதுண்டா?

இன்னொன்றையும் எண்ணிப் பார். சோமனூரிலே கூரை விழுந்த நாளில், தமிழகத்து உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல், "அண்ணா, இந்தக் கூரை ஒழுகுது" என்று சொல்லிச் சட்டையைப் பிடிக்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. தேர்தலைத் தள்ளிப்போடுவது ஏட்டிலே நடக்கும் சட்டச் சிக்கல் என்று எண்ணாதே. அது மக்களின் கண்ணைக் கட்டுவது!

ஆகவே இந்த ஞாயிறன்று ஒரு வேலை செய். உன் ஊர் நிறுத்தத்துக்கும், நிலையத்துக்கும், பணிமனைக்கும் போ. அண்ணாந்து பார். பெயர்ந்த காரை, தெரியும் கம்பி, தேங்கும் நீர், விரிந்த தூண் — நாளிட்டு எழுது. படம் எடு. மனுவாக்கி ஒப்புகைச் சீட்டுப் பெறு. பதில் வரவில்லையேல் தகவல் உரிமைச் சட்டத்தால் கேள்: கடைசியாகச் சோதித்த நாள் எது? சோதித்தவர் யார்? கண்டது என்ன? செய்தது என்ன? ஆள்வது நம்மவரானாலும் கேள். நம்மவரானால் இருமுறை கேள்!

நீ தடுத்த விபத்து எந்த ஏட்டிலும் வராது. உன்னால் பிழைத்தவர் தாம் பிழைத்ததையே அறியமாட்டார். மாலை வண்டியேறி வீடு சேர்ந்து, பிள்ளையோடு உண்டு உறங்குவார். அந்த உறக்கத்தைக் காப்பதே அரசியல்! அதற்குக் கல்வெட்டு இல்லை, தோழனே. வேண்டவும் வேண்டாம்.