தமிழ்வழிப் பிள்ளைக்கு இரண்டு அளவுகோலா?



ஒவ்வோராண்டும் மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவருகையில் ஒரு பொய்யும் உடன் வெளிவருகின்றது. 2025ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அரசுப் பள்ளிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 92, அரசு உதவிபெறும் பள்ளிகள் 96, தனியார் தன்னிதிப் பள்ளிகள் 99 என்னும் அளவில் வெற்றி கண்டன. எண்கள் மெய்யே. ஆனால் அவற்றைக் காட்டித் "தனியார் பள்ளியே உயர்ந்தது, ஆங்கில வழியே அறிவு வழி" என்று பறையறைகின்றார்களே, அதுதான் பொய்.

தேர்வெழுத வந்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேளாமல் வெற்றியை அளப்பது, விளைநிலத்தையும் களர்நிலத்தையும் ஒரே மரக்காலால் அளந்து உழவனைப் பழிப்பதற்கு ஒப்பாகும். தன்னிதிப் பள்ளி பொருளுள்ள வீட்டைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கின்றது. பின்தங்கியவனை இடைவழியில் இறக்கிவிடவும் பல பள்ளிகள் தயங்குவதில்லை. அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்பும் வந்த பிள்ளையை வாவென்று ஏற்கின்றன. அவ்வாறு ஏற்றும் அவை ஏழும் மூன்றுமே குறைவாகப் பெற்றன என்றால், உண்மையில் பாராட்டப்பட வேண்டிய ஆசிரியர் யார்?

இனி, இவ்வுதவிபெறும் பள்ளிகளின் நிலையைக் காண்போம். பொருநை ஆறு பாயும் நெல்லைச் சீமையில் கல்விக்கு முதற்கால் நாட்டியவை இவையே. ஊர்ப் பெருமக்களும் சமய அமைப்புகளும் நிலமும் பொருளும் ஈந்து கட்டினர். ஆசிரியர்க்கு அரசு சம்பளம் தருகின்றது. மேலாண்மை மட்டும் தனியாரிடம் உள்ளது.

1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த காயல்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். பாண்டியர் காலத்துக் கடல்வாணிகப் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊர் அது. தொழுகைக்கு அரபும் வாழ்க்கைக்குத் தமிழும் என்று வாழ்ந்த முசுலிம் பெருமக்களின் ஊர். நபிகள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரைத் தந்த ஊர். கொழும்பும் ஆங்காங்கும் சென்று மணிக்கல் வாணிகம் செய்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் பள்ளிகளுக்குப் பொருளீந்தனர். சமயம் வேறாயினும் தமிழே தாய்மொழி என்பதற்கு அவ்வூரைவிடச் சான்று வேண்டா.

ஆனால் அவ்வூர் போன்ற ஊர்களில் இன்று நடப்பது என்ன? பொருள் வாய்த்தவர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். உதவிபெறும் பள்ளிகள் பலவற்றிலும் ஒரே மதிலுக்குள் இரு பள்ளிகள் நடக்கின்றன. ஒருபுறம் கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவு. மறுபுறம் அரசு நல்கையால் நடக்கும் தமிழ்வழிப் பிரிவு. தமிழ்வழி வகுப்பில் எஞ்சியிருப்பவர் யார்? உப்பளத்தில் வெயில் காய்பவன் மகன். கடலில் வலைவீசுபவன் மகள். அன்றாடங் கூலியின் பிள்ளை. தமிழ், ஏழையின் பயிற்றுமொழியாகச் சுருக்கப்பட்டுவிட்டது!

அவ்வேழைப் பிள்ளைக்குச் சட்டம் செய்தது என்ன? 'நீட்' என்னும் நுழைவுத்தேர்வு 2017இல் தமிழகத்தின்மேல் சுமத்தப்பட்டபின், மருத்துவக் கல்லூரி புகுந்த தமிழ்வழி மாணவர் தொகை நூற்றுக்கு 15 என்னும் அளவிலிருந்து 2, 3 என்னும் அளவிற்கு வீழ்ந்ததை நடுவர் ஏ.கே. இராசன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. அதற்கு முன்பே 2020இல், நடுவர் கலையரசன் குழுவின் அறிக்கையை ஏற்று, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் சென்னை உயர் அறமன்றமும் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது. நல்ல சட்டம், நாமும் வரவேற்றோம்.

ஆனால் அச்சட்டம் உதவிபெறும் பள்ளிப் பிள்ளையை வாயிலிலேயே நிறுத்திவிட்டது! கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தனியார் ஆங்கிலப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்று, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் பயின்றவனுக்கு அதில் இடமுண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை உதவிபெறும் பள்ளியில் தமிழிலேயே பயின்றவனுக்கு இடமில்லை. இது என்ன அறம்?

அரசு அறியாமற் செய்த பிழை என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகத்துத் திங்களில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டம், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவனுக்கும் மாதம் 1,000 உருபா தந்தது. 'புதுமைப் பெண்' திட்டத்தை அத்தகைய மாணவியர்க்கும் விரிவாக்கிய விழா 2024 திசம்பர் 30ஆம் நாள் நடந்தது. எங்கே? காயலின் மாவட்டத் தலைநகராகிய தூத்துக்குடியில்! ஆயிரம் உருபா தரும்போது "இவளும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நிகரானவள்" என்று ஒப்பிய அரசின் சட்டம், மருத்துவக் கல்லூரி வாயிலில் "நீ யார்?" என்று வினவலாமா?

"உதவிபெறும் பள்ளியில் செல்வர் மக்களும் பயில்கின்றனரே" என்பர் சிலர். அதனாற்றான் தமிழ்வழி என்னும் வரம்பைக் கேட்கின்றோம். "அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு குறையுமே" என்பர் வேறு சிலர். அவன் இலையிலிருந்து எடுத்து இவனுக்கு இடச் சொல்லவில்லை. பந்தியில் ஆள் கூடினால் சோற்றையும் கூட்டி வடிப்பதே முறை. 7.5 என்பதைத் தலைத்தொகைக்கேற்ப உயர்த்துக!

ஆகவே நாம் கேட்பன இரண்டு. உதவிபெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழி பயின்றோரை 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் வேண்டும். தேர்வு முடிவுகளை வெளியிடும்போது, பள்ளிவாரியாகப் பயிற்றுமொழியையும் பெற்றோர் தொழிலையும் சேர்த்து வெளியிட வேண்டும். அப்பொழுது எந்தப் பள்ளி உழைத்தது, எந்தப் பள்ளி பொறுக்கியெடுத்தது என்பது நாட்டுக்கு விளங்கும்.

மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, வீட்டுப் பிள்ளையை ஆங்கில வழிக்கு அனுப்பும் தலைவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். தமிழ்வழிப் பள்ளியின் பெற்றோரே ஊர்தோறும் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். தமிழ் படித்ததற்காக ஒரு பிள்ளை தண்டிக்கப்படும் நாட்டில், தமிழுக்கு எத்தனை சிலை எடுத்தென்ன, எத்தனை மாநாடு கூட்டியென்ன?

தமிழ்வழி பயின்றவன் தலைநிமிரும் நாளே தமிழ் தலைநிமிரும் நாள். எழுமின்!