உப்பைத் தனியே பிரித்தெடுங்கள்

திண்டுக்கல் குடிப்பது ஆத்தூர் காமராசர் அணையின் நீரையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும். தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றிய கிணறுகளோ உவர்ப்பேறிக் கிடக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட 5 மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் தோல் கெடாதிருக்கப் போடும் உப்பு தீர்ப்புக்கு அடங்குவதில்லை. வழக்கமான சுத்திகரிப்பு குரோமியத்தைப் படியவைக்கும், அழுக்கைக் குறைக்கும். கரைந்த உப்பைப் பிரிக்கவோ ஆர்.ஓ. சவ்வு போன்ற தனி முறை வேண்டும். அதற்கு மின்செலவு அதிகம், மிஞ்சும் உப்பைக் கொட்டவும் இடமில்லை. அதனால் மாநகராட்சியிடம் நான் கேட்பது இது: பாதாள சாக்கடையில் தோல் கழிவை ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். வீட்டுக் கழிவுநீரைத் தனியே சுத்திகரித்தால் ஆலைக்குத் தரலாம், தென்னைக்கும் பாய்ச்சலாம். ஆத்தூர் நீர் குடிக்க மிஞ்சும்.