டிரம் சிந்தசைசருக்கு எந்த சீக்வென்சர் வாங்கலாம்? ஓ.பி.யில் கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

போன வாரம், ஓ.பி. முடியுற நேரம். காய்ச்சல்னு அம்மாவைக் கூட்டிட்டு வந்த தம்பி ஒருத்தர், மாத்திரைச் சீட்டை வாங்கின பிறகும் போகாம நின்னார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீடியோ எல்லாம் பாப்பேன். டிரம் சிந்தசைசர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். அதை மாடுலேட் பண்ண வெளியிலேர்ந்து ஒரு சீக்வென்சர் வேணும். எதை வாங்கலாம்?"

தொட்டியத்தில் இந்தக் கேள்வி என்னைத் தேடி வரும்னு நான் நினைக்கவே இல்லை. விசாரிச்சேன். தவில் வாசிக்கிற குடும்பம். பங்குனித் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு வாசிச்சுச் சேர்த்த காசு கொஞ்சம் இருக்கு. மீதிக்கு இ.எம்.ஐ. போட்டு, இருக்கிறதிலேயே பெரிய பெட்டியா வாங்கிடலாம்னு திட்டம்.

"அவசரப்படாதீங்க தம்பி"ன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சதைச் சொன்னேன். முழுசா இங்கே எழுதுறேன். இதே கேள்வியோட வேற யாராவது இருந்தா அவங்களுக்கும் உதவட்டும்.

முதல்ல, இதெல்லாம் என்னன்னு தெரியாதவங்களுக்காக.

டிரம் சிந்தசைசர் என்பது தோல் இல்லாத மேளம். மின்னழுத்தம்தான் அங்கே ஒலியா மாறுது. ஒலி எவ்வளவு கனமா இருக்கணும், எவ்வளவு சீக்கிரம் அடங்கணும், எவ்வளவு இரைச்சல் கலக்கணும் எல்லாத்துக்கும் குமிழ் இருக்கும்.

செமி-மாடுலர்னா, உள் இணைப்புகள் ஏற்கெனவே கொடுத்திருக்கும். வாங்கின உடனே வாசிக்கலாம். வேணும்னா சின்ன வயர்களைச் செருகி அந்த இணைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்.

சீக்வென்சர் என்பது படிப்படியா மின்னழுத்தம் அனுப்புற பெட்டி. முதல் படியில் 1 வோல்ட், அடுத்த படியில் 3 வோல்ட்னு போய், கடைசிப் படி முடிஞ்சதும் திரும்ப முதல் படிக்கு வரும். அந்த மின்னழுத்தத்தை சிந்தசைசரின் ஒரு துளையில் கொடுத்தா, கண்ணுக்குத் தெரியாத கை ஒண்ணு ஒவ்வொரு அடிக்கும் குமிழைத் திருப்பினது மாதிரி இருக்கும். இதுக்குப் பேர்தான் மாடுலேஷன்.

தம்பிகிட்ட இருக்கிறது மூக் கம்பெனியின் டிஃபாம். 'டிரம்மர் ஃப்ரம் அனதர் மதர்' என்பதன் சுருக்கம். 2018-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளேயே 8 படி சீக்வென்சர் இருக்கு. ஒவ்வொரு படிக்கும் சுருதிக்கு ஒரு குமிழ், அடியின் அழுத்தத்துக்கு ஒரு குமிழ். வயர் செருக 24 துளைகள். 15 உள்ளே வாங்க, 9 வெளியே கொடுக்க.

அப்புறம் எதுக்கு வெளியில் இன்னொரு சீக்வென்சர்? எட்டு அடிச் சுத்து ஒண்ணு மாறாம ஓடிக்கிட்டே இருந்தா, கொஞ்ச நேரத்துல காது அதைக் கேட்கிறதையே விட்டுடும். ஃபேன் சத்தம் மாதிரி. தேவை நியாயமானதுதான். ஆனா வாங்கப் போகும்போது பெரும்பாலானவங்க தப்பான கேள்வி கேட்கிறாங்க: "இதுல எத்தனை படி இருக்கு?"

நானும் அதைத்தான் கேட்டேன். அதிகப் படி, அதிக டிராக், பெரிய திரைன்னு பார்த்து ஒண்ணு வாங்கினேன். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து மெனுவுக்குள்ள மெனு தேடுற தெம்பு எனக்கு இல்லை. ஆறு மாசம் துண்டு போட்டு மூடி வெச்சிருந்து, கடைசியில் பாதி விலைக்கு வித்தேன். குறை பெட்டியில் இல்லை. எனக்கு என்ன தேவைன்னு யோசிக்காம வாங்கினதுதான் குறை.

என்ன தேவைங்கிறதுக்கு என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம்.

பிரசவ வார்டுல சி.டி.ஜி.ன்னு ஒரு மெஷின். வயித்துல இருக்கிற குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடா வரையும். நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. ஆனா அந்த எண்ணை மட்டும் பார்த்துட்டு நாங்க நகர்ந்துட மாட்டோம். கோடு சின்னச் சின்னதா ஏறி இறங்குதான்னு பார்ப்போம். 5 முதல் 25 துடிப்பு வரை அந்த ஏற்ற இறக்கம் இருக்கணும்.

140-லேயே ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ரொம்ப நேரம் கோடு போச்சுன்னா எங்க நிம்மதி போயிடும். குழந்தை தூங்கலாம். அம்மாவுக்குக் கொடுத்த மருந்தின் விளைவா இருக்கலாம். ஆக்சிஜன் குறைஞ்சதாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேட ஆரம்பிச்சுடுவோம்.

தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு கையில் குச்சி, இன்னொரு கை விரல்களில் கூடு. ஒரே சொல்லை நாலு தடவை வாசிச்சாலும் நாலும் அச்சடிச்ச மாதிரி விழாது. தாளம் அசையாது, ஆனா அடி ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேற.

என் கருத்து இதுதான். தாளத்துக்காக வெளி சீக்வென்சர் வாங்காதீங்க. தாளம் டிஃபாமுக்குள்ளேயே இருக்கு. அந்த ஏற்ற இறக்கத்துக்காக வாங்குங்க. இப்படி யோசிச்சா, கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான்.

கேள்வி 1: சுத்தின் நீளத்தை 8-க்கு ஒத்துப் போகாத எண்ணில் வைக்க முடியுமா?

இதுதான் முக்கியம். உள்ளே 8 ஓடுது. வெளியிலும் 8 வெச்சா, 8 அடியில் எல்லாம் பழையபடி திரும்பி வந்துடும். 16 வெச்சா 16-ல் வரும். ஆனா 7 வெச்சா? ரெண்டும் ஒண்ணா முதல் படிக்குத் திரும்ப 56 அடி ஆகும். நொடிக்கு 4 அடின்னா 14 நொடி. 5 வெச்சா 40 அடி. 9 வெச்சா 72.

இந்தக் கணக்கு நமக்கு ஒண்ணும் புதுசில்லை. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு மேல மிஸ்ரத்தை ஓட்டிப் பார்க்கிறது நம்ம வித்வான்களுக்குக் கை வந்த வேலை. 64 படி உள்ள பெட்டியில் 64-ம் நிரப்ப நேரமாகும். 7 படியை நிரப்ப ஒரு நிமிஷம் போதும்.

கேள்வி 2: தனித்தனியா எத்தனை மின்னழுத்த வெளியீடு?

இங்கே ஏமாந்துடாதீங்க. "எட்டு டிரிகர் அவுட் இருக்கு"ன்னு சொல்வாங்க. டிரிகர் என்பது "இப்போ அடி"ன்னு சொல்ற ஒரு துடிப்பு, அவ்வளவுதான். குமிழைப் பாதி திருப்பு, கால்வாசி திருப்புன்னு அதால சொல்ல முடியாது. அதுக்கு சி.வி. வெளியீடு வேணும்.

ரெண்டு இருந்தா தாராளம். ஒண்ணை வி.சி.எஃப். டிகே துளையில் கொடுங்க, ஒவ்வொரு அடியும் வேற வேற நீளத்துல அடங்கும். இன்னொண்ணை நாய்ஸ் லெவல் துளையில் கொடுங்க, சில அடியில் மட்டும் இரைச்சல் கலக்கும். முதலாவது 7, ரெண்டாவது 5 வெச்சுப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: வெளியிலேர்ந்து வர்ற மின்னழுத்தம் குமிழின் நிலையோட கூடும். குமிழை ஏற்கெனவே முழுசாத் திருப்பி வெச்சிருந்தா மேலே போக இடம் இருக்காது. பாதியில் வைங்க.

கேள்வி 3: ஒரு துடிப்புக்கு ஒரு படின்னு நகருமா?

டிஃபாம் ஒரு துடிப்புக்கு ஒரு படி நகரும். மிடி கருவிகளில் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. அதை அப்படியே டிஃபாமுக்குக் கொடுத்தா தாறுமாறா ஓடும். தவிர, டிஃபாமில் ரீசெட் துளை கிடையாது. நடுவுல நிறுத்திட்டுத் தொடங்கினா விட்ட இடத்திலிருந்துதான் போகும்.

அதனால நான் தலைகீழா இணைப்பேன். டிஃபாமின் டிரிகர் வெளியீட்டை வெளிப்பெட்டியின் கிளாக் துளைக்குக் கொடுப்பேன். டிஃபாம்தான் தாளம் போடும், வெளிப்பெட்டி பின்னாடி வரும். தொடங்குறதுக்கு முன்னாடி அட்வான்ஸ் பட்டனைத் தட்டி 8-வது விளக்கில் நிறுத்திட்டா, அடுத்த அடி 1-ல் விழும்.

கேள்வி 4: ஓடும்போதே கையால மாத்த முடியுமா?

ஒவ்வொரு படிக்கும் ஒரு குமிழா, இல்லை திரைக்குள்ள போகணுமா? கையால வாசிச்சுப் பழகினவங்களுக்குக் குமிழ்தான் சரி.

இனி பெட்டிகள். கோர்க் எஸ்.கியூ-1: ரெண்டு வரிசை, வரிசைக்கு 8 குமிழ், ரெண்டு சி.வி. வெளியீடு. ஒரு படியைத் தாண்டிப் போகச் சொன்னா 8 என்பது 7 ஆயிடும். ரெண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. எதையும் நினைவில் வெச்சுக்காது. முதல் பெட்டியா வாங்க என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ: ரெண்டு தனி சீக்வென்சர், ஒவ்வொண்ணும் 64 படி வரை, நீளத்தைத் தனித்தனியா வைக்கலாம். சுருதி, வெலாசிட்டின்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மின்னழுத்த வெளியீடு. போட்டதைச் சேமிக்கலாம். மேடையில் வாசிக்கப் போறவங்களுக்கு, கூட இன்னும் ரெண்டு கருவி வெச்சிருக்கிறவங்களுக்கு இது.

மேக் நாய்ஸ் ஜீரோ-கண்ட்ரோல்: 8 படி. சுருதி, அழுத்தம் தவிர ஒவ்வொரு படிக்கும் நேரத்துக்கே தனிக் குமிழ். அருமையான பெட்டி. ஆனா முதல் பெட்டியா வேண்டாம்.

"கம்ப்யூட்டர் போதாதா டாக்டர்?" போதும், ஆனா சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் பெரும்பாலும் நிலையான மின்னழுத்தத்தை வெளியே விடாது. டி.சி. கப்புள்டு வகைதான் வேணும். அது தனிச் செலவு. ஒண்ணு செய்யலாம். வி.சி.வி. ராக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுக்குள்ளேயே 8-க்கு எதிரா 7, 5 ஓட்டிப் பாருங்க. ஒரு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா கடைக்குப் போங்க.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்"னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்தது 1969-ல். 1982-ல் சரண்ஜித் சிங், ரோலண்ட் டி.ஆர்-808, டி.பி-303, ஜூப்பிட்டர்-8 ஆகியவற்றை வெச்சுப் பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஆல்பமே பதிவு செஞ்சார். அந்த டி.பி-303-ல் ஒரு பேட்டர்னுக்கு அதிகபட்சம் 16 படிதான்.

பெரிய பெட்டி வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. பாட்டு முழுசையும் அதிலேயே அடுக்கணும், நாலு கருவியை ஒண்ணா ஓட்டணும்னா அது தேவைதான். ஆனா ஒரே ஒரு மேளத்துக்கு உயிர் கொடுக்க அது தேவையில்லை. அதுக்காகக் கடன் தேவையே இல்லை. கல்யாண சீசன் முடிஞ்சா வருமானம் குறையும், இ.எம்.ஐ. குறையாது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுதான்னு பார்க்க மூணாம் நாள் தம்பி திரும்ப வந்தார். அவங்க தேறிட்டாங்க. கிளம்பும்போது, "சார், வி.சி.வி.யில ஏழு போட்டேன். எங்க அப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, எங்கே வந்து சேரும்னு தொடையில தாளம் போட ஆரம்பிச்சுட்டாரு"ன்னார்.

இ.எம்.ஐ. என்னாச்சுன்னு கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாராம்.