சுவர் வெடித்தது எவர் வீட்டில்? பொறுப்பு எவர் தலையில்?

பண்டாரவளை மலையில் சுவர்கள் வெடித்தன. கொழும்பு மாளிகைகளில் ஓர் உள்ளமேனும் வெடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள்ளே நீர் பீறிட்டுப் பாய்ந்தது. பூமியின் வயிற்றில் பாய்ந்த அந்நீர் எவருடைய நீர்? மேலே மலைச்சரிவில் வாழ்ந்த மக்களின் கிணற்று நீர். அவர்கள் குடம் ஏந்தி நின்ற பீலியின் நீர். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் மரக்கறிப் பாத்திக்கும் பாய்ந்த ஊற்று நீர். மகுல்எல்லையிலும் ஹீல் ஓயாவிலும் கிணறுகள் வற்றின. வற்றிய நிலம் இறங்கியது. இறங்கிய நிலத்தின்மேல் நின்ற வீடுகள் அத்திவாரம் தொடங்கிக் கூரைவரை பிளந்தன. 2017 ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரமே கடையடைத்து வீதிக்கு வந்தபோதுதான் மந்திரிமார் விழித்துக்கொண்டனர். அன்று வீதிக்கு வந்தவர்கள் ஓர் இனத்தார் அல்லர், ஒரு மதத்தார் அல்லர், ஒரு கட்சியார் அல்லர். சிங்கள விவசாயியும் தமிழ் வர்த்தகரும் முஸ்லிம் கடைக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: எங்கள் வீட்டை உடைத்தவர் யார்? உடைத்ததற்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்விக்கு விடை காணப் பெரிய சட்டப் புத்தகம் எதனையும் புரட்ட வேண்டியதில்லை. வெலிமடையில் ஒரு விவசாயி தன் வீட்டுக் கூரையைத் திருத்த ஒரு மேசனை அமர்த்துகிறார் என்று கொள்வோம். மேசனின் கைத்தவறால் அயல்வீட்டுச் சுவர் இடிந்து விழுகிறது. அயலவர் எவரிடம் வருவார்? கூலி பேசி மேசனை அழைத்து வந்த வீட்டுக்காரரிடமே வருவார். வீட்டுக்காரரும் மேசனின் மிகுதிக் கூலியை நிறுத்தி வைத்து, “முதலில் அந்தச் சுவரைக் கட்டிக் கொடு, பிறகு கணக்குப் பார்ப்போம்” என்பார். இதுவே ஊர் நியாயம். கட்டட ஒப்பந்தங்களில் ஒரு பகுதிப் பணத்தைத் தடுத்து வைத்து, வேலையின் பழுதெல்லாம் தீர்ந்த பின்னரே கொடுப்பதும் இந்த நியாயத்தின் நீட்சியே. ஓர் ஏழை விவசாயிக்குத் தெரிந்த இந்நியாயம் ஓர் அரசாங்கத்துக்குத் தெரியாமற் போனது எவ்வாறு?

கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி மஹ்மூத் அஹ்மதிநெஜாத் இலங்கைக்கு வந்தபோது இத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேலையை எடுத்தது பராப் என்னும் ஈரானியக் கம்பெனி. செலவின் பெரும் பங்கை ஈரானே கடனாகத் தரும் என்றனர். பொருளாதாரத் தடை குறுக்கிட்டது. கடன் வரத்து நின்றது. எஞ்சிய பாரம் இந்நாட்டுப் பிரஜைகளின் முதுகில் ஏறியது. புஹுல்பொலையிலும் டயரபாவிலும் அணை கட்டி, மலையைப் பல மைல் தூரம் குடைந்து, வெல்லவாயப் பக்கத்து நிலக்கீழ் மின்நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, மிகுந்த நீரை மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குக் கொடுப்பது திட்டம். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து அதனைத் திறந்து வைத்தார். அடிக்கல்லுக்கு ஒரு ஜனாதிபதி, திறப்பு விழாவுக்கு ஒரு ஜனாதிபதி. வெடித்த சுவரைப் பார்க்க வந்த ஜனாதிபதி எந்த நாட்டவர்?

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அம்பாந்தோட்டை விவசாயிக்கு நீர் வேண்டாம் என்று சொல்வதற்கும் நமக்கு மனம் வராது, அவரும் உழவரே. ஆனால் ஒருவர் வயலுக்கு நீர் பாய்ச்ச மற்றொருவர் கிணற்றை வற்றச் செய்தால், வற்றிய கிணற்றின் விலை திட்டத்தின் செலவுக் கணக்கிலே முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத செலவை ஏழை கட்டுகிறான். அபிவிருத்தி என்னும் பெயரால் நடக்கும் பழைய வித்தை இதுதான்.

“எதிர்பாராத இயற்கைச் செயல்” என்றனர் அன்று சிலர். எதிர்பாராததா? மலைப் பாறை ஒரே கட்டியன்று. அதன் பிளவுகளிலும் வெடிப்புகளிலும் ஆண்டாண்டு காலமாக மழைநீர் தேங்கி நிற்கிறது. அந்நீரே ஊற்றாகிறது, பீலியாகிறது, கிணறாகிறது. குடையும் இயந்திரம் அத்தகைய பிளவொன்றைத் தொட்டதும், பீப்பாயின் அடியில் துளையிட்டாற்போல மேலுள்ள நீர் அனைத்தும் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. நீர் தாங்கியிருந்த மண் அமுங்குகிறது; ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அமுங்குவதால் வீடு கோணிப் பிளக்கிறது. இதைத் தடுக்கும் வழியும் தொழில் அறிந்தோர் அறிந்ததே. இயந்திரத்துக்கு முன்னே பாறையில் துளையிட்டுச் சோதித்து, நீர் காணும் இடத்தில் சீமெந்துக் குழம்பை அழுத்தி ஏற்றிப் பிளவுகளை அடைத்த பின்னரே குடைய வேண்டும். நீர் பாயத் தொடங்கிய பின் அடைப்பது பன்மடங்கு கடினம், பன்மடங்கு செலவு.

நோர்வே நாட்டில் ஒஸ்லோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிற் பாதை அமைக்க ருமெரிக்ஸ்போர்ட்டன் என்னும் சுரங்கத்தைக் குடைந்தபோது, 1997ஆம் ஆண்டில், இதே அனர்த்தம் நேர்ந்தது. மேலிருந்த காட்டு ஏரிகளின் நீர்மட்டம் தாழ்ந்தது, வீடுகள் சேதமுற்றன, சுரங்கத்தின் திறப்பு 1999 வரை தள்ளிப்போயிற்று. அதே 1997இல் சுவீடனில் ஹல்லண்ட்சோஸ் மலைச் சுரங்கத்தின் கசிவை அடைக்கப் பாய்ச்சிய இரசாயனம் ஓடையில் கலந்து, மீன்கள் செத்தன, பசுக்கள் முடங்கின. அங்கும் விவசாயிகளே முதற் பலி. உலகம் அறிந்த இப்பாடங்கள் நம் மலையைக் குடையுமுன் பல ஆண்டுகளாகப் புத்தகங்களிற் கிடந்தன. பண்டாரவளை மக்கள் கொதித்தெழுந்த பின்னர், 2017இல், நோர்வே நிபுணர்களை வரவழைத்து ஆலோசனை கேட்டார்கள் நம் ஆட்சியாளர். நோய் வருமுன் கேட்க வேண்டிய வைத்தியரைப் பிணம் எடுக்கும்போது கூப்பிட்டாற்போல!

நட்டஈடு கொடுக்கவே இல்லை என்று பொய் பேச நாம் விரும்பவில்லை. கொடுக்கப்பட்டது. பௌசர்களில் நீர் வந்தது. நீர்த் தாங்கிகள் பகிரப்பட்டன. வீடுகளை மதிப்பிட உத்தியோகத்தர்கள் வந்தனர். நம் வழக்கு வேறு. சுவரில் உள்ள வெடிப்பு சுரங்கத்தால் வந்ததென்று வீட்டுக்காரரே நிரூபிக்க வேண்டும் என்றால், அது என்ன நியாயம்? குடைந்தவரிடம் இயந்திரம் உண்டு, நிலநூல் வல்லுநர் உண்டு, நிலத்தடி நீரின் அளவுக் குறிப்புகள் உண்டு. விவசாயியிடம் இருப்பதெல்லாம் வற்றிய கிணறும் பிளந்த சுவருமே. “உன் வீடு பழைய வீடு, அத்திவாரம் போதாது” என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! பழைய வீடுதான், ஆனால் அத்தனை காலம் நின்ற வீடு, சுரங்கம் வந்த காலத்தில் மாத்திரம் பிளந்தது எவ்வாறு என்பதைக் குடைந்தவரே விளக்கட்டும். நிரூபிக்கும் பாரம் தோண்டியவர் தலையில் இருக்க வேண்டுமேயன்றி, தோண்டப்பட்டவர் தலையில் அன்று.

இனி வருவது இதனினும் கசப்பானது. நட்டஈடு என்பது உறுதிப் பத்திரத்தைத் தேடி நடக்கும் பொருள். பத்திரம் உள்ளவர் வீட்டு வாசலில் அது நிற்கும். பத்திரம் இல்லாதவர் வாசலை எட்டிப் பார்க்கவும் தயங்கும். ஊவாத் தோட்டங்களின் லயன் காம்பராக்களில் வாழும் நம் மக்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது? 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. நிலம் அரசினது, நிர்வாகம் கம்பெனியினது, லயம் தோட்டத்தினது. அதனுள்ளே நான்கு தலைமுறையாய்ப் பிறந்து, வாழ்ந்து, மடிந்தவனுக்கு உரியது எது? கூரை ஒழுகுகிறதென்று முறையிட்டால், தோட்ட நிர்வாகம் ஒரு கொந்தராத்துக்காரரை அனுப்புகிறது. அவரை அமர்த்தியவர் தொழிலாளி அல்லர். கூலி பேசியவரும் அவர் அல்லர். வேலை முடிந்தது என்று கையெழுத்திடுபவரும் அவர் அல்லர். பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு மழைக்குள் போட்டுப் போனால் அரிசியும் துணியும் பிள்ளையின் பாடப்புத்தகமும் நனைகின்றன. கேட்டால் கொந்தராத்துக்காரர் “துரையிடம் கேள்” என்பார். துரை “கொந்தராத்துக்காரரிடம் கேள்” என்பார். இருவருக்கும் நடுவே நம் தொழிலாளி, மழைக்கும் தகரத்துக்கும் நடுவே நிற்பதுபோல நிற்கிறார்.

உமா ஓயாவின் நியாயமும் லயத்துக் கூரையின் நியாயமும் ஒன்றே என்பது நம் துணிபு. இரண்டிலும் வேலைக்காரரை அமர்த்தியவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் மற்றொருவர். ஆகவே நட்டஈட்டின் அளவுகோல் பத்திரமாக இருத்தல் கூடாது, குடியிருப்பாக இருத்தல் வேண்டும். எவர் அந்தக் கூரையின் கீழ் உறங்குகிறாரோ அவரே இழப்பாளி. 2025 அக்டோபரில் பண்டாரவளையிலேயே, இந்திய உதவி வீடமைப்பின் கீழ், சுமார் 2,000 தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. மகிழ்ச்சி! பெறாதவர்களை எண்ணிப் பாருங்கள். பத்திரம் வரும்வரை அவர்கள் சுவர் வெடிக்காமலா இருக்கும்? அடுத்த மாதமே, நவம்பர் இறுதியில், டித்வாப் புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போயிற்று. இனி எந்தக் கொந்தராத்துக்காரரும் தன் கைப்பிழையைப் புயலின் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பலாம். புயலுக்கு வழக்குப் போட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்றை நம்மவர் மறந்துவிடுகின்றனர். லயம் தோட்டத்தினதாக இருக்கலாம். லயத்துக்குள் இருக்கும் பெட்டி, கட்டில், தையல் இயந்திரம், அரிசி மூட்டை தோட்டத்தினது அன்று. அவை தொழிலாளியின் சொந்தச் சொத்து. பிறருடைய கவனக்குறைவால் அவை அழிந்தால், அழித்தவரிடம் ஈடு கோர இந்நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டம் இடந் தருகிறது. ஆயின் காலம் காத்திருக்காது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய சேதத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். சொந்த வீட்டுக்குத் தாமே மேசனை அமர்த்தியவர்களுக்கு, ஒப்பந்தத்தின்மேல் வழக்காட, வாய்ப்பேச்சாயின் மூன்று ஆண்டுகள், எழுத்தாயின் ஆறு ஆண்டுகள். ஒரு துண்டுக் கடதாசி மூன்று ஆண்டுகளை வாங்கித் தருகிறது! அரசின்மேல் வழக்கென்றால் ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இவற்றை அறியாமையால் இழந்தவர்கள் மலைநாட்டில் எத்தனை பேர்!

சட்டத்துக்கும் நாம் ஒரு சொல் சொல்ல வேண்டும். நிலம் இறங்குவது ஒரு நாளில் முடிவதன்று. இந்த ஆண்டு மயிரிழை அளவான வெடிப்பு, மூன்றாம் ஆண்டில் விரல் நுழையும் பிளவு. சேதம் மெல்ல நடக்கிறது; காலாவதி மாத்திரம் ஓடுகிறது. நிலத்தடி வேலையால் வரும் சேதத்துக்கு இந்த இரண்டு ஆண்டு வரம்பு பொருந்தாது. அதனை நீட்டும்படி பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேட்டே ஆகவேண்டும். நீர் பீறிட்ட அதே 2014ஆம் ஆண்டிலேதான் 33ஆம் இலக்கச் சட்டத்தால் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்கிறார்கள், தரம் பிரிக்கிறார்கள். நல்லது. பிறர் வீட்டை உடைத்தவர் அதனைச் சீர்செய்யும்வரை அடுத்த வேலைக்கு விலைமனுப் போட முடியாது என்றும் ஒரு விதி செய்யட்டும்.

பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! நீங்கள் பெரும்பாலும் அந்த லயங்களிலிருந்தும் அந்தப் பாத்திகளிலிருந்தும் படித்து மேலே வந்தவர்கள். மேடைப் பேச்சு எங்களுக்கு வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். ஊருக்கு ஒருவர், தோட்டப் பிரிவுக்கு ஒருவர் செல்லுங்கள். மலைக்குள்ளோ கூரைமேலோ எவரேனும் வேலை தொடங்குமுன், ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு சுவரையும் திகதியோடு படமெடுத்து வையுங்கள். பீலியில் ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி செல்கிறதென்று மாதந்தோறும் எழுதி வையுங்கள். வெடிப்புக் கண்டால், அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் நாளைக் கீறுங்கள். சுவர் மேலும் அசைந்தால் கண்ணாடி உடையும்; உடைந்த கண்ணாடி எந்த உத்தியோகத்தருக்கும் அஞ்சாது சாட்சி சொல்லும். வீட்டுக்குள்ளிருந்த பொருள்களின் பட்டியலை வீட்டுக்காரர் கையெழுத்தோடு எழுதுங்கள். மூன்று பிரதிகள் செய்து, ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை பெறுங்கள். தோட்டமாயின் நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு பிரதி போகட்டும். தபாற் பற்றுச்சீட்டை மூன்றாம் பிரதியோடு சேர்த்துத் தைத்து, வீட்டிலே மழை படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.