வானம் எழுதும் ஒற்றை வரி

சென்ற மாரியில், சென்னையிலிருந்து வரும் மாமிக்காகப் பலாலியில் காத்திருந்தோம். விமானம் தாமதம். "சின்ன மழைக்கே இந்தப் பாடா?" என்று உம்மா சலித்துக்கொண்டார்.

நான் கைத்தொலைபேசியில் 'மெட்டார்' அறிக்கையைத் தேடினேன். விமானிகள் புறப்படுமுன் படிக்கும் குறியீட்டு வரி அது. 'விசிசிஜே' என்றால் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமான நமது யாழ்ப்பாணம். '150830' என்றால் 15ஆம் திகதி, உலகப் பொதுநேரம் 8.30, ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நமக்குப் பிற்பகல் 2.00. '04014' என்றால் வடகிழக்கிலிருந்து மணிக்கு 14 கடல்மைல் வேகக் காற்று, நம்மூர் வாடைதான். அடுத்தது பார்வைத்தூரம். '9999' என்றிருந்தால் பத்துக் கிலோமீற்றருக்குக் குறையாமல் தெரியும். அன்று இருந்ததோ '1500', வெறும் ஒன்றரைக் கிலோமீற்றர்.

வாசித்துச் சொன்னேன். "அப்ப பிந்தி வந்தாலும் பரவாயில்லை, பத்திரமாக வரட்டும்" என்றார் உம்மா.

காற்று, அமுக்கம், பனிபடுநிலை என்று புவியியலில் மனனஞ் செய்து, பரீட்சையோடு மறந்துவிடுகிறோம். அவையெல்லாம் இந்த ஒரு வரியில் உயிரோடு இருக்கின்றன. வகுப்பில் வாரம் ஒருமுறை இதை வாசித்தால் என்ன?

பெற்றோரே, "விமானியாவேன்" என்று மகள் சொன்னால் சிரிக்காதீர்கள். அன்றைய வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.